பர்வதமலைக்கு ஷூ வாங்கிய பெரியமேட்டுக் கடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒரு ஷூ கடையைப் பற்றிய விமர்சனம். நடுவில் மலை வரும், தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு படிக்கட்டு வரும், என் மச்சானின் கால் நகமும் வரும். அதெல்லாம் வேண்டாம், கடை எப்படி என்று மட்டும் சொல் என்பவர்களுக்கு: பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், போர்டே இல்லாத, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் காத்திருக்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. 1,450 ரூபாய்க்கு வாங்கிய ஷூ ஒரு முழு மலையை ஏறி இறங்கிய பிறகும் தையல் விடாமல் இருக்கிறது. போகலாம். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள், தெரியாமல் போனால் கடைக்காரப் பாய் கேட்கும் முதல் கேள்விக்கே முழிப்பீர்கள். நான் முழித்தேன்.

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் மலை கிடையாது. கடல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, ரயில்வே கேட்டும் மேம்பாலமும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. தலை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி உள்ள ஒரே மேடு கொடுங்கையூர் குப்பைமேடு, அதையும் இப்போது பயோமைனிங் என்று சொல்லித் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்குப் பில்லிங் வேலை. காலையில் உட்கார்ந்தால் டீக்கு எழுந்திருப்பேன், அப்புறம் சாப்பாட்டுக்கு, அவ்வளவுதான். வயது முப்பத்தொன்பது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு பொங்கல் முடிந்த வாரம் பர்வதமலை ஏறலாம் என்று யார்டில் இரண்டு பேர் கிளப்பிவிட்டதும் நானும் தலையாட்டிவிட்டேன். என் மச்சானும் சேர்ந்துகொண்டான். அவன் ராயபுரம், ஜிம்முக்குப் போகிறவன், அதனால் அவனுக்குப் பயமே இல்லை.

பர்வதமலையைத் தெரியாதவர்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். தென்மாதிமங்கலம் வழியாகவும் ஏறலாம், கடலாடி வழியாகவும் ஏறலாம். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். சங்க காலத்தில் நன்னன் ஆண்ட நவிரமலை இதுதான் என்பார்கள். உயரம் 4,560 அடி என்று எல்லா இடத்திலும் போட்டிருப்பார்கள், அது கடல் மட்டத்திலிருந்து கணக்கு. அடிவாரமே கொஞ்சம் உயரத்தில்தான் இருக்கிறது, அதைக் கழித்தால் நம் காலால் ஏறவேண்டியது 3,500 அடி வாக்கில் வரும். கீழே படிக்கட்டு, அப்புறம் கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை, அப்புறம் கடப்பாறை நெட்டு. அது செங்குத்துப் பாறை, இரும்புக் கடப்பாறைகளை அடித்துச் சங்கிலி கோத்து வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் அந்த ஒரு நாள் லேசுப்பட்ட நாள் இல்லை.

எனக்கு ஷூ விஷயத்தில் ஏற்கனவே ஒரு சூடு உண்டு. இரண்டு வருடம் முன்பு ஒரு பெரிய கடையின் தள்ளுபடி விற்பனையில் ‘ஹைக்கிங்’ என்று எழுதிய ஷூ ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். வாங்கி எட்டு மாதம் பீரோ மேல் பெட்டியிலேயே கிடந்தது, மலைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். முதல்முறை போட்டது செஞ்சிக்கோட்டைக்கு. ராஜகிரியில் பாதிப் படி ஏறியிருப்பேன், காலடியில் என்னவோ பொரபொரவென்று உதிர்கிறது. பார்த்தால் சோல். பழைய ரஸ்க் மாதிரி நொறுங்கி நொறுங்கி விழுகிறது. இடது ஷூவின் அடிப்பாகம் வாயைத் திறந்துகொண்டது, லேஸைக் கழற்றி மேலோடு சேர்த்துக் கட்டி, தெருநாய் கால் மாதிரி நொண்டிக்கொண்டே இறங்கினேன். குழந்தைகள் சிரித்தார்கள். திருப்பிக் கொடுக்கப் போனால் ஏழு நாள்தான் கணக்கு என்று விட்டார்கள். இத்தனைக்கும் அது புது ஷூ, செஞ்சிக்கு முன்னால் நூறு அடிகூட நடக்காதது. ஏன் அப்படி ஆனது என்று இந்தப் பாய் சொல்கிறவரை எனக்குப் புரியவே இல்லை.

நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் போனேன். பெரியமேடு தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் கிரிக்கெட் மட்டையும் கேரம் போர்டும் தொங்கும், இன்னொரு பக்கம் தோல் வாசனை தூக்கும். தோல் மண்டி, சோல் மண்டி, பசை, நூல், கொக்கி, எல்லாம் அங்கேதான். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தைக்கும் சரக்கில் மிஞ்சியதும் கழித்ததும் இந்த மாதிரிச் சந்துகளுக்கு வந்து சேரும். யார்டில் வேலை பார்க்கும் லாரி டிரைவர் ஒருவர்தான் கடையைச் சொன்னார். பாய்க்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மலை ஏறுவதற்கு ஷூ வேண்டும் என்றதும் ஒரே கேள்வி: “ஏர்றதுக்கா தம்பி, எறங்குறதுக்கா?”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இரண்டுக்கும்தான் பாய் என்றேன்.

“ஏர்றதுக்குச் செருப்பே போதும். வெறுங்கால்ல ஏறுது சனம். காசு குடுக்குறது எறங்குறதுக்குத்தான்.”

சரி, வியாபாரப் பேச்சு என்று அப்போது விட்டுவிட்டேன். ஆனால் அந்த மனிதர் அடுத்த முக்கால் மணிநேரம் காட்டிய எல்லாமே இறங்குகிற கணக்குதான். முதலில் நான் உதிர்ந்துபோன ஷூவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு பழைய ஷூவை எடுத்து, நடு சோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் உள்ளே போய், அந்தப் பள்ளம் அப்படியே நின்றது, ஓரத்தில் பொடியும் உதிர்ந்தது. அது பாலியூரித்தேன் என்கிற பியூ சோலாம். காற்றில் இருக்கிற ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும், போட்டாலும் போடாவிட்டாலும். போட்டு நடந்தாலாவது கொஞ்சம் தாங்கும், பெட்டியில் பூட்டி வைத்தால் சீக்கிரம் போய்விடும். கடலோரத்தில், வருடம் முழுக்கப் பிசுபிசுவென்று இருக்கிற நம்ம ஊரில், பீரோ மேல் வைத்துப் பாதுகாத்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த காரியம். ஈவிஏ என்கிற இன்னொரு வகை அப்படி நொறுங்காது, ஆனால் நாளாக ஆகச் சப்பிப்போகும். அழுத்திப் பார்த்தால் ஸ்பாஞ்ச் மாதிரித் திரும்பி வரவேண்டும், அப்படி வந்தால் எடு என்றார். இன்னொன்று, பெட்டியில் எந்த மாதம் எந்த வருடம் தயாரித்தது என்று போட்டிருக்கும், பெட்டி இல்லாத சரக்கில் ஷூ நாக்கின் உள்பக்கச் சீட்டில் சில சமயம் இருக்கும். நாம் தயிர் பாக்கெட்டுக்குத் தேதி பார்க்கிறோம், ஷூவுக்குப் பார்ப்பதில்லை.

அப்புறம் அளவு. எனக்கு எப்போதும் எட்டு. ஐரோப்பா நம்பரில் 42. அவர் என் காலைப் பார்த்துவிட்டு 42.5 எடுத்துக் கொடுத்தார். பெரிதாக இருக்கிறதே என்றேன். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளச் சொன்னார், விரல் நுனி முன்பக்கம் முட்டும்போது குதிங்காலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையவேண்டும், நுழைந்தது. சாயங்காலம் வந்தது நல்லது என்றார். காலையில் இருக்கிற கால் சாயங்காலம் இருக்காது, நடக்க நடக்க வீங்கும், மலையில் இன்னும் வீங்கும். அதற்கப்புறம் ஒரு மரப்பலகை. ஒரு முனையைத் தோல் கட்டின்மேல் சாய்த்து வைத்து, அதில் ஏறி முகத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பி நில் என்றார். நின்று இரண்டு தரம் குதிக்கச் சொன்னார். பலகை உடையுமோ என்று எனக்குப் பயம், எண்பத்தாறு கிலோ. முதலில் போட்ட ஜோடியில் கட்டைவிரல் முன்னால் போய் இடித்தது. இரண்டாவது ஜோடியில் இடிக்கவில்லை. இதுதான் இறங்குற கணக்கு என்றார். ஏறும்போது கால் பின்னால் சாய்ந்து குதிங்காலில் உட்காரும், எந்த ஷூவும் சுகமாகத்தான் இருக்கும். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் மொத்த உடம்பும் விரல் நுனிக்கு வந்து மோதும், ஆயிரக்கணக்கான அடி. கடையில் சமதரையில் நாலு அடி நடந்து பார்த்து வாங்குகிறோமே, அது மலைக்குச் சம்பந்தமில்லாத சோதனை.

லேஸும் சொல்லிக் கொடுத்தார். மேலே கடைசியாக, கணுக்கால் பக்கம் ஒரு கூடுதல் ஓட்டை நிறைய ஷூக்களில் இருக்கும், அலங்காரம் என்று நினைத்து நாம் விட்டுவிடுவோம். லேஸை அதில் வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சின்ன வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேஸ் நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிங்கால் பின்னால் பூட்டிக்கொள்கிறது, கால் முன்னால் வழுக்கிப் போவதில்லை. இதற்குக் காசு கிடையாது. உங்கள் வீட்டில் இருக்கிற ஷூவிலேயே இப்போது செய்து பார்க்கலாம்.

கடையின் குறைகளையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பாய் எனக்கு மாமனார் முறை என்று நினைத்துவிடுவீர்கள். வாங்கினால் வாங்கினதுதான், திருப்பி எடுக்கமாட்டார், சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. பில் கேட்டால்தான் உண்டு, அதுவும் ஒரு துண்டுச் சீட்டு. கணுக்காலை மூடுகிற மாடல் மூன்றோ நாலோதான் இருந்தது, பிடித்த நிறம் என்றெல்லாம் பார்க்க முடியாது, எனக்குக் கிடைத்தது அழுக்கு மஞ்சள். பெண்களுக்கு மலை ஷூ அநேகமாக இல்லை, ஆண்கள் ஷூவிலேயே சின்ன நம்பரைக் காட்டினார், அது சரியான பதில் இல்லை, பெண்கள் குதிங்கால் ஒடுங்கியிருக்கும், ஆண்கள் ஷூவில் அது ஆடும். மிச்சச் சரக்கு என்பதால் ஜோடி மாறி வர வாய்ப்பு உண்டு, இரண்டு காலிலும் நம்பர் ஒன்றுதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளவேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை சாத்தியிருக்கும். விலை முதலில் 1,800 சொன்னார், இது தேவையில்லாத நாடகம், அவரும் 1,450க்குத்தான் மனதில் வைத்திருந்தார், நானும் அதைத்தான் வைத்திருந்தேன், இடையில் இருவருக்கும் பத்து நிமிஷம் வீண். ஃபேன் ஒன்று இருக்கிறது, அது அவர் பக்கம் மட்டும் வீசும்.

ஒரு யோசனை அவரே சொன்னார். இந்த ஷூ ஒட்டினது, பக்கவாட்டில் ஒரு தையல் போட்டுவிடு என்று. அகஸ்தியா ஸ்டாப் பக்கம் உட்காரும் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். நைலான் நூலில் சோலைச் சுற்றி முழுத் தையல், இரண்டு காலுக்கும் சேர்த்து 150 ரூபாய், அரைமணி நேரம். ஊசி உள்ளே குத்தாமல் இருக்க உட்பக்கம் விரலால் தடவிப் பார்த்து ஒவ்வொரு முடிச்சையும் தட்டிக் கொடுத்தார். மொத்தம் 1,600 ரூபாய். நூல் போன ஓட்டைகளில் தண்ணீர் கொஞ்சம் இறங்கும், ஓடையில் கால் வைத்தால் நனையும், அது தெரிந்தே செய்தது. நட்டநடு மலையில் சோல் கையோடு வருவதைவிட ஈரச் சாக்ஸ் தேவலாம்.

இதற்குள் பாய் சொன்ன இறங்குகிற விஷயம் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் பிளாக் தரை சேர்த்து நாலு தளம், எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி, ஒரு மாடி பத்து அடி என்று வைத்தால் மேலே போக முப்பது அடி. 3,500 அடிக்கு நூற்றுப்பதினேழு தடவை ஏறவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்குப் பேசாமல் படுத்துவிட்டேன். மறுநாள் பத்து தடவையில் ஆரம்பித்தேன், ஷூவைப் போட்டுக்கொண்டு, அப்புறம் முதுகில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டோடு. ஒரு நாள் அதிகபட்சம் நாற்பது தடவை போனேன், 1,200 அடி. முதல் வாரம் இரண்டாவது மாடி ஆயா, “யாரையாவது தேடுறியா கண்ணு” என்று கேட்டது. மூன்றாவது வாரம் எண்ண ஆரம்பித்துவிட்டது.

ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் ஒன்றும் தெரியாது, அதனால் இறங்குவது சும்மா என்று தோன்றும். ஏமாறாதீர்கள். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, அந்த நீள்கிற வேலையில்தான் தசை இழைகள் அதிகம் சேதமாகும். அதன் வலி அன்றைக்கு வராது, மறுநாள் ஆரம்பித்து இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். நல்ல சேதி, ஒரு தரம் அந்த வலியை வாங்கிவிட்டால் உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்கிறது, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது. அதனால் நான் வழக்கத்துக்கு நேர்மாறாகச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போய், நகரும் படிக்கட்டில் ஏறி, சாதாப் படிக்கட்டில் இறங்கி, திரும்ப நகரும் படிக்கட்டில் ஏறி, திரும்ப இறங்கி. 2022இல் அந்த ஸ்டேஷனைத் திறந்ததிலிருந்து இப்படி ஒரு பயணியை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். ஆறாவது சுற்றில் செக்யூரிட்டி அண்ணன் கூப்பிட்டு என்ன பிரச்சினை என்று விசாரித்தார். மலைக்குப் போகிறேன் என்றேன். இது விம்கோ நகர் போற வண்டி சார் என்றார்.

மற்றச் சாமான்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தலையில் மாட்டும் டார்ச் பர்மா பஜாரில் 250 ரூபாய், வெளிச்சம் நன்றாக இருந்தது, பெல்ட் இரண்டாம் நாளே தொளதொளத்துவிட்டது, ஊக்கு குத்தினேன். பை, மகனின் பழைய ஸ்கூல் பை, மார்புக்குக் குறுக்கே ஒரு நாடா மட்டும் தைத்துக்கொண்டேன், ஆடாமல் இருந்தது, புதுப் பை வாங்கவேண்டிய அவசியமே இல்லை. சாக்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பருத்திச் சாக்ஸ் வியர்வையை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தோல் உரசினால் கொப்புளம். பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்தது ஜோடி 300 ரூபாய்க்கு இரண்டு வாங்கினேன். ஓஆர்எஸ் பொடி மருந்துக்கடையில் வாங்கியது, உலக சுகாதார நிறுவனக் கலவை என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். அதே பேரில் ஜூஸ் மாதிரி டப்பாவில் விற்றதெல்லாம் வேறு சமாச்சாரம், சர்க்கரைத் தண்ணீர், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது. பொடியை ஒரு லிட்டரில்தான் கரைக்கவேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் ‘ஸ்ட்ராங்’ ஆகாது, வயிற்றைத்தான் கலக்கும். சாப்பாடு, வீட்டில் கட்டிக்கொடுத்த புளிசாதம், கடலைமிட்டாய், பேரீச்சம்பழம்.

வெள்ளிக்கிழமை மாலை பீச் ஸ்டேஷனிலிருந்து ஆறு மணி மெமு ரயில். 2024இல் இதைத் திருவண்ணாமலை வரைக்கும் நீட்டியது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய உபகாரம், நீட்டியபோது திருவண்ணாமலைக்கே ஐம்பது ரூபாய்தான், நாங்கள் போளூரில் இறங்கிவிட்டோம். இரவு ஒரு லாட்ஜில் நாலு மணிநேரம் கண்ணை மூடிவிட்டு, விடிகாலை ஆட்டோ பிடித்துத் தென்மாதிமங்கலம். ஐந்தே முக்காலுக்கு நடை ஆரம்பம். மழைக்காலத்தில் போகிறவர்கள் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், மேலே மழை பெய்தால் கீழே ஓடையில் சட்டென்று தண்ணீர் வரும், அதில் வீரம் காட்டவேண்டாம்.

மச்சான் முந்தின வாரம்தான் ஆன்லைனில் ஒன்பதாயிரத்துச் சொச்சத்துக்கு ஷூ வாங்கியிருந்தான். பெட்டியைப் பிரித்ததே ரயிலில்தான். அழகான ஷூ, மறுக்கமாட்டேன், என் அழுக்கு மஞ்சளைப் பார்த்து, “மாமா, இது இன்னா கார்ப்பரேஷன்ல குடுத்ததா” என்று கேட்டான். ஏறும்போது அவன்தான் முன்னால். நான் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்தேன். எங்கள் இருவரையும், இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, வெறுங்காலில், தலையில் ஒரு மூட்டையோடு ஓர் அம்மா தாண்டிப் போனார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு அம்மாவும். ஏறுவதற்குச் செருப்பே போதும் என்று பாய் சொன்னது உண்மைதான், அந்த அம்மாக்களுக்குச் செருப்பும் தேவைப்படவில்லை. படிக்கட்டு முடிந்த இடத்தில் குரங்குகள் இருந்தன. யார்ட் நண்பரின் கடலைமிட்டாய்ப் பாக்கெட் ஒன்று அங்கேயே காணிக்கையானது.

கடப்பாறை நெட்டில் ஷூவின் அடிப்பிடியைப் பற்றிச் சொல்லவேண்டும். பாறை காய்ந்திருந்தது, ரப்பர் நன்றாகவே பிடித்தது. ஆனால் முன்பக்கம் கொஞ்சம் வளைகிற ஷூ, கடப்பாறை மேல் நுனிக்காலை வைத்து நிற்கும்போது கெண்டைக்கால் நடுங்கியது. கட்டியான சோல் உள்ள ஷூ இந்த இடத்தில் உதவியிருக்கும், மச்சானுடையது அப்படித்தான், இந்த இடத்தில் அவனுக்குத்தான் மார்க். நான் பக்கத்தில் பார்க்காமல், சங்கிலியையும் அடுத்த கடப்பாறையையும் மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். பத்து மணிக்கு உச்சி. காற்று அள்ளிக்கொண்டு போனது. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தரிசனம், அப்புறம் பாறை நிழலில் புளிசாதம். சாதம் சாப்பிட்டுக்கொண்டே நான் ஷூவை விரித்து வைத்துச் சாக்ஸை மாற்றினேன், ஈரச் சாக்ஸைப் பை மேல் காயப் போட்டேன். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

பதினொன்றரைக்கு இறங்க ஆரம்பித்தோம். லேஸை அந்தக் கடைசி ஓட்டையில் பூட்டிக் கட்டினேன். முதல் ஒரு மணிநேரம் ஒன்றும் இல்லை. பாதைக் கற்கள் முடிந்து படிக்கட்டு வந்த பிறகுதான் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, சில இடத்தில் முழங்கால் வரைக்கும் இருக்கிறது, தொம் தொம் என்று இறங்கவேண்டியிருக்கிறது. மச்சான் முதலில் மெதுவானான், அப்புறம் பக்கவாட்டில் இறங்கினான், அப்புறம் மேல்பக்கம் பார்த்தபடி திரும்பி நின்று பின்னோக்கியே இறங்கினான். என்னடா என்றால், “விரல் இடிக்குது மாமா.” உட்கார வைத்துக் கழற்றினால், இரண்டு கட்டைவிரல் நகமும் கருநீலம். அவன் வாங்கியது அவனுடைய வழக்கமான நம்பர், ஒரு புள்ளி கூடக் கூட்டவில்லை, நகமும் வெட்டவில்லை. நகத்தை நேராக, ஒட்ட வெட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதை நானே அவனுக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அங்கேயே லேஸை என் மாதிரிக் கட்டிவிட்டேன், கொஞ்சம் பரவாயில்லை என்றான். கீழே வந்து சேர மூன்றரை. ஒன்பதாயிரம் ரூபாய் ஷூ மட்டம் என்று நான் சொல்லவரவில்லை, சரியான அளவில் வாங்கிப் பத்து நாள் போட்டு நடந்திருந்தால் என்னுடையதைவிட நன்றாகவே உழைத்திருக்கும்.

திரும்பும்போது அந்த மெமு கிடையாது, அது விடிகாலையில்தான் புறப்படுகிறது. திருவண்ணாமலை போய் கிளாம்பாக்கம் பஸ். கிளாம்பாக்கத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு வருவது இன்னொரு மலை, அதை வேறொரு நாள் திட்டுகிறேன். வண்டலூரில் கடைசி ரயில்களில் ஒன்றைப் பிடித்து பீச்சில் இறங்கியபோது, வெளியே வரும் படிக்கட்டில் நாலு பேரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம், கடப்பாறை நெட்டில்கூட அப்படிப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தொடை கனத்தது, ஆனால் பால் வாங்க மூன்று மாடி இறங்கிப் போய்வந்தேன். மச்சான் திங்கள்கிழமை லீவு போட்டான். அவன் வீட்டில் மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதாக என் மனைவி சொன்னாள்.

ஷூ இப்போது எப்படி இருக்கிறது என்றால்: தையல் ஒரு இடத்திலும் விடவில்லை. வலது ஷூவின் நுனியில் பாறை உரசி ரப்பர் கொஞ்சம் வழித்திருக்கிறது. உள்ளே இருக்கும் அட்டை சப்பிவிட்டது, அது முதல் நாளிலிருந்தே மட்டம்தான், வாங்கும்போதே தூக்கிப் போட்டுவிட்டு 200 ரூபாய்க்கு வேறு போடுங்கள். சோலின் அடியில் இருக்கும் ரப்பர்க் கட்டைகள் அப்படியே இருக்கின்றன. பெட்டியில் வைக்கவில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் போட்டுக்கொண்டு யார்டுக்குப் போகிறேன், காற்றோட்டமாகத் திண்ணையில் கிடக்கிறது. என் கால் நகம் பத்தும் பத்திரம்.

மார்க் போடவேண்டும் என்றால் பொருளுக்குப் பத்துக்கு ஏழரை, கடைக்கு ஆறு, பாய்க்குப் பத்து. போகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள், மலைக்குப் போடப்போகிற சாக்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போட்டுப் பார்க்கக் கொடுக்கிற சாக்ஸை நான் என் எதிரிக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பலகையில் ஏறிக் குதிக்கச் சொன்னால் வெட்கப்படாமல் குதியுங்கள், உடையவில்லை. போன வாரம் மச்சானைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவனிடமும் அதே கேள்விதான். கட்டைவிரலைக் காட்டினான். பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு நம்பர் பெரிதாக எடுத்து வைத்தார்.